சந்தடியற்ற பாதையின் சரித்திரம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது புசல்லாவை. பஸ்ஸும் லொறியும் ஓயாது இரையும் கடைவீதி அது. ஆனால் அந்த வீதியை விட்டு விலகி, தோட்டப் பாதையில் இரண்டு வளைவு ஏறிவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும். ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் கல் அடுக்கிய அணை, மேலே சவுக்கு மரங்கள், அதற்கும் மேலே கோடரிக்குத் தப்பிய காடு. காலடியில் கிரவல்.

இத்தகைய பாதைகளைத் தேடி இன்று உலகெங்கும் ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. தடித்த டயர் பூட்டிய சைக்கிளில், மோட்டார் வாகனம் எட்டிப் பாராத கிரவல் வழிகளில், குன்றுகளையும் காடுகளையும் சுற்றிவருவது அவர்களது விருப்பம். நமது மலைநாட்டிலும் 2023 இல் ‘பெக்கோ டிரெயில்’ என்ற நெடும்பாதை திறக்கப்பட்டது. கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானையில் தொடங்கி, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு நுவரெலியாவில் முடிகிறது. நடப்போருக்கென வகுக்கப்பட்ட வழி அது. ஆயினும் அதன் பல பகுதிகளில் சைக்கிளும் செல்லும். புசல்லாவைக்கு அடுத்துள்ள தவலந்தென்னையும் அதன் வழியில் வருகிறது. பெக்கோ என்பது தேயிலையின் ஒரு தரத்தைக் குறிக்கும் பெயர். பாதையை வெட்டியவர்களை விட்டுவிட்டு, அதன் வழியே போன சரக்கின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சந்தடியற்ற பாதை என்று பயணிகள் மகிழ்கிறார்கள். மகிழட்டும். அந்த அமைதி மலையோடு பிறந்ததா, மனிதர் செய்ததா என்பதே நமது கேள்வி.

தவலம என்பது சிங்களத்தில் பொதிமாட்டுக் கூட்டம். தென்ன என்றால் மேட்டுச் சமநிலம். கோப்பி வருவதற்கு முன்பே இம்மலைகளில் உப்பும் துணியும் ஏறின, பாக்கு இறங்கியது என்பதற்கு இப்பெயர் சாட்சி. வெள்ளையர் ஆட்சி அந்த ஒற்றையடி வழிகளைப் பட்டாளமும் பீரங்கியும் செல்லும் வீதிகளாக்கியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் வீதி போட்ட ஆளுநர் என்று புகழப்படுகிறவர். அவரே கன்னொருவையில் கோப்பி பயிரிட்டவரும் கூட என்பதைப் பாடநூல்கள் அவ்வளவு உரத்துச் சொல்வதில்லை. ஆள்வோரே தோட்டக்காரராகவும் இருந்தபோது வீதி எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை.

1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம், காட்டையும் சேனையையும் உறுதி காட்ட முடியாத கண்டிக் குடியானவனிடமிருந்து பிரித்து அரசுடைமையாக்கியது. அடுத்த ஆண்டிலேயே, ரொத்ஸ்சைல்ட் குடும்பத்து உறவினரான டி வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் தோட்டம் திறந்தனர். அதற்கு ரொத்ஸ்சைல்ட் என்றே பெயரிட்டுச் சீனத் தேயிலைக் கன்றும் நட்டுப் பார்த்தனர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக்கிய 1867 ஆம் ஆண்டுக்கு இது கால் நூற்றாண்டு முந்தியது. 1848 இல் வந்த வீதிச் சட்டமோ, 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும் என்றது. காட்டை இழந்தவனே, அக்காட்டின் விளைவை ஏற்றிச் செல்லும் வீதிக்கும் உழைக்க வேண்டும்! அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கலகத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்துக்குள் பாதை வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் உறவினரைக் கொடுத்துவிட்டு மலையேறியவர்கள். கங்காணியின் கீழ் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு அவர்கள் செய்த வேலையைச் சற்று நின்று நோக்க வேண்டும். பொதியேற்றிய மாட்டு வண்டி செங்குத்தாக ஏறாது. ஆகவே பாதை மலையின் மடிப்பை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. மேற்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி, சரியாமல் கல்லணை கட்டி, உட்புறம் கான் வெட்டி, நீர் குறுக்கிடும் இடத்தில் மதகு வைத்து, மேலே கிரவல் இட்டு இறுக்கினார்கள். இன்று சைக்கிளில் வருவோர் மெச்சும் இதமான ஏற்றம் மாட்டின் மூச்சுக்காக அளக்கப்பட்ட ஏற்றம். லயத்திற்கோ அந்த வசதியும் இல்லை. பெரும்பாலும் பாதையிலிருந்து செங்குத்தான படிக்கட்டுத்தான். மாட்டுக்குக் காட்டிய கரிசனம் மனிதனுக்குக் காட்டப்படவில்லை.

இப்பாதைகள் ஊரையும் ஊரையும் இணைக்கப் போடப்பட்டவை அல்ல. மலையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து பெருவீதிக்கும் சரக்கை இறக்கப் போடப்பட்டவை. பலவும் பங்களா வாசலோடோ கடைசி மலையோடோ முடிந்துவிடும். பொதுப் போக்குவரத்து அவற்றில் இல்லாமற்போனதற்கு முதற்காரணம் இது. இரண்டாவது காரணம் சட்டம். தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி நுழைவது அத்துமீறல். உறவினரும் கூட ஐயத்தோடு பார்க்கப்பட்டனர். சங்கக்காரரைச் சொல்ல வேண்டியதில்லை. 1937 இல், மடுல்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் துரைப் பயிற்சி பெற்ற அவுஸ்திரேலியர் பிரேஸ்கேர்டில் தொழிலாளர் பக்கம் சாய்ந்தார். ஆளுநர் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1940 ஜனவரி 10 இல், இதே மலைத்தொடரின் ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் வீழ்ந்தார். லூல்கந்துரைப் பக்கம் இன்று முதுகுப்பையோடு செல்லும் இளைஞருக்கு இந்தப் பெயரை எவராவது சொல்ல வேண்டும்.

மேலைநாட்டுச் சைக்கிளோட்டிக்கும் தன் பாதை இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. 1894 இல் இங்கிலாந்தில் சோஷலிஸ்டுகள் கிளாரியன் சைக்கிள் சங்கத்தையும், 1896 இல் ஜெர்மனியில் தொழிலாளர்கள் ‘சொலிடாரிட்டேட்’ சங்கத்தையும் தோற்றுவித்தனர். பின்னதை 1933 இல் நாஜிகள் தடைசெய்தனர். 1932 இல் கிண்டர் ஸ்கௌட் மேட்டில், பிரபுக்களின் வேட்டைநிலத்தில் கூட்டமாக நுழைந்து நடந்த இளந்தொழிலாளரில் ஐவர் சிறை சென்றனர். பிரிட்டனில் குதிரைப் பாதைகளில் சைக்கிள் செல்லும் உரிமை 1968 இல்தான் சட்டமாயிற்று. ஜெர்மனியின் 1975 ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம், காடு எவருடையதாயினும் அதன் வழிகளில் உலாவவும் சைக்கிள் ஓட்டவும் எல்லாருக்கும் இடமளிக்கிறது. அங்கே சந்தடியற்ற பாதை குடிமக்கள் பெற்ற உரிமை. இங்கே குடிமக்களல்லர் என்று விலக்கப்பட்டவர்களின் வாசலில் கிடக்கும் பாதை.

ஆம், விலக்கப்பட்டவர்கள். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டபின் வாக்குமில்லை; வாக்கில்லாதவனின் பாதைக்கு எந்த அமைச்சர் தார் போடுவார்? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போயிற்று. குடியுரிமைக் கணக்கு 2003 இல்தான் சட்டப்படி தீர்ந்தது. அதன் பின்னும் 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக நின்றது. சபைக்கு வாக்களிக்கலாம், சபையிடம் மதகு ஒன்றைக் கேட்கலாகாது! 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது.

யாழ்ப்பாணத்து ஆசிரியருக்குச் சைக்கிள் இன்னொரு கால். மலைநாட்டிலோ கூலியும் மேடும் சேர்ந்து அதை எட்டாப்பொருளாக்கின. இன்றும் தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்கு நடக்கிறாள். பிரசவ வலி கண்டவள் ஓட்டோவில் குலுங்கிக்கொண்டு இறங்குகிறாள். பயணி பிரியமுடன் தேடி வரும் அதே கிரவல்தான்.

பாதைக்குப் பகை சக்கரம் அல்ல, நீர். கான் அடைபட்டால் நீர் பாதையில் ஏறும். ஏறிய நீர் கிரவலை வாரிச் செல்லும். பிறகு அணை சரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவாக இறங்கியபோது, பாதை அறுந்த தோட்டங்கள் தனித்துப் போயின. ஆகவே பயணிகளின் வருகையால் வரும் வருவாயில் ஒரு பங்கு கான்வெட்டுக்கும் மதகுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். அந்த வேலை தோட்டத்து இளைஞருக்கு நாட்சம்பளத்தோடு கிடைக்க வேண்டும். பாதை பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில், லயத்து வாசல்வரை, பொதுவழியாக ஏற வேண்டும்.