சின்ன வியாபாரி யாரு? உப்பளத்துல போட்ட கோடு

இந்த எபிசோட்ல நான் பேசப்போறது வரியைப் பத்தி. ஸ்கிப் பண்ணிடாதீங்க! வரி எவ்வளவுங்கிறதை விட, ‘சின்ன ஆள்’னு யாரைச் சொல்றாங்கங்கிறதுலதான் பெரிய விஷயம் இருக்கு.

அதைப் பேச பொம்மையார்பாளையம் சரியான இடம். புதுச்சேரியிலிருந்து ஈசிஆர்ல வடக்கே கிளம்பினா கொஞ்ச தூரத்துல வர்ற விழுப்புரம் மாவட்டத்து ஊர். அதே ரோட்டுல இன்னும் மேலே போனா மரக்காணம் உப்பளம்.

1805-ல கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்குச்சு. விளைவிக்கிறவர் அரசு சொன்ன விலைக்கு அரசுக்கே கொடுக்கணும். மக்கள் அரசு வச்ச விலைக்கு வாங்கணும். நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் வரி. ஆனா பக்கத்துலயே பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி. அங்க விளையுற உப்பு எல்லை தாண்டினா ஏகபோகம் என்னாகும்? அதனால 1818 ஒப்பந்தத்துல பிரெஞ்சுப் பகுதி உப்பளங்களை நிறுத்த வச்சாங்க. உப்பள உரிமையாளர்களுக்கு நஷ்டஈடு வருஷத்துக்கு 4,000 வராகன். அளத்துல உப்பு வாருற கூலிக்காரருக்கு? கணக்கு உரிமையாளரோட முடிஞ்சுபோச்சு.

1923-ல உப்பு வரியை மணங்குக்கு ஒண்ணேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக்கினாங்க. சட்டசபை வேணாம்னு சொல்லியும் வைஸ்ராய் ரீடிங் தன் அதிகாரத்தை வச்சு நிறைவேத்தினார். அடுத்த வருஷமே பழைய அளவுக்கு இறக்க வேண்டியதாப் போச்சு. 1930-ல தண்டி யாத்திரை, இங்க ராஜாஜி தலைமையில திருச்சியிலிருந்து வேதாரண்யம். இதெல்லாம் பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க.

நாம அதிகம் பேசாதது 1931 மார்ச் மாச காந்தி–இர்வின் ஒப்பந்தம். வரி போகலை. உப்பு கிடைக்கிற ஊர்க்காரங்க வீட்டுக்கு எடுத்துக்கலாம், அதே ஊருக்குள்ள விக்கலாம். வெளியூர்க்காரருக்கு விக்கக்கூடாது. அதாவது, சின்ன ஆளாவே இருக்கிற வரைக்கும் சலுகை. வியாபாரமா வளர்ந்தா குற்றம்!

1947 ஏப்ரல்ல உப்பு வரி ஒழிஞ்சது. 1948-ல புதுக் கோடு வந்துச்சு: 10 ஏக்கர் வரைக்கும் உப்பு விளைவிக்க உரிமம் வேண்டாம். முன்னாடி ஊர் எல்லையை வச்சு அளந்தாங்க, இப்போ நிலத்தை வச்சு.

2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ அளவுகோல் ஆண்டு விற்பனையா மாறிடுச்சு. உப்புக்கு வரி இல்லை. நல்ல செய்திதானே? பாதிதான். விக்கிற பொருளுக்கு வரி இல்லைன்னா, பம்புசெட்டுக்கும் சாக்குக்கும் கட்டின வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அது உப்பு விளைவிக்கிறவர் தலையிலதான் விழும்.

இப்போ பொம்மையார்பாளையத்துக்கு வாங்க. பொருள் விக்கிறவர் 2019 ஏப்ரல்லேர்ந்து தமிழ்நாட்டுல 40 லட்சம் விற்பனை வரைக்கும் பதிவு பண்ண வேண்டாம். புதுச்சேரியில அந்த வரம்பு 20 லட்சம். ஒரே கடற்கரை, ஒரே ரோடு, நடுவுல மாநில எல்லை.

இன்னொண்ணு. பொம்மையார்பாளையத்துல ஒரு அக்கா வீட்டுல ஊறுகாய் போட்டு விக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க. விழுப்புரம் வரைக்கும் தூக்கிட்டுப் போய் வித்தா 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம். பக்கத்துல இருக்கிற புதுச்சேரிக் கடைக்கு சரக்கு அனுப்பினா, அது மாநிலம் விட்டு மாநிலம் போற வியாபாரம். முதல் பாட்டில்லேர்ந்தே பதிவு கட்டாயம். அப்புறம் ரிட்டர்ன், அதுக்கு ஒரு ஆடிட்டர், அவருக்கு ஃபீஸ். லாபம் எவ்வளவுன்னு சட்டம் கேக்கலை, சரக்கு எங்க போகுதுன்னுதான் கேக்குது. 1931 ஞாபகம் வருதா?

ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. அன்னைக்கு வித்தா ஜெயில், இன்னைக்கு ஒரு படிவம். மாநிலங்களுக்கு நடுவுல வரியைப் பிரிச்சுக்கொடுக்க கணக்கு வேணும்ங்கிற காரணமும் நியாயமானது. ஆனா பட்ஜெட் நேரத்துல டிவியில ‘சிறு வியாபாரிகளுக்கு நிம்மதி’ன்னு யாராவது சொன்னா, வரி சதவீதத்தோட நிறுத்திக்காதீங்க. கோட்டை எங்க போட்டாங்க, எதை வச்சு அளந்தாங்க, அந்த அக்கா அதுக்கு எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னும் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.