உறங்கும் முன் 5 நிமிடம்: வீட்டுத் தீ விபத்தைத் தடுக்கும் இரவு நேரப் பழக்கங்கள்

ஸ்ரீ சிட்டி: ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில் உள்ள ரேணிகுண்டாவில், 2022 செப்டம்பர் 25 அதிகாலை, மருத்துவமனைக் கட்டடத்தின் மாடி வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் மருத்துவர் ஒருவரும் அவருடைய 2 குழந்தைகளும் உயிரிழந்தனர். மின்கசிவு காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜ் செய்யப்பட்ட மின்சார ஸ்கூட்டர் பேட்டரி வெடித்ததில் ஒருவர் உயிரிழந்தார். இரண்டும் வீட்டார் உறங்கும் வேளையில் நேர்ந்தவை.

புகையே முதல் ஆபத்து

உறக்கத்தில் நுகரும் உணர்வு மங்கிவிடுவதால், புகை நாற்றம் ஒருவரை எழுப்பிவிடும் என்று நம்ப இயலாது. புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே, தீ நெருங்கும் முன்பே மூச்சுத்திணறலால் உயிரிழப்பு நேரிடுகிறது.

மூடிய கதவு புகையையும் வெப்பத்தையும் தாமதப்படுத்தும். அமெரிக்காவின் யுஎல் ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனைகளில், கதவு திறந்திருந்த அறையின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைக் கடந்தபோதும், கதவு மூடிய அறையில் அது சுமார் 38 டிகிரியாகவே இருந்தது.

படுக்கும் முன் செய்ய வேண்டியவை

* அடுப்புடன் சிலிண்டர் ரெகுலேட்டரையும் அணைக்க வேண்டும்.
* பூஜையறை விளக்கை அணைக்க வேண்டும். கொசுவர்த்திச் சுருளைத் துணி, மெத்தை ஆகியவற்றுக்கு அருகில் வைக்கக் கூடாது.
* கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் சார்ஜ் செய்யக் கூடாது. ஸ்கூட்டர் பேட்டரியைப் படுக்கையறையிலோ, வெளியேறும் வழியிலோ, மாடிப்படியின் கீழோ சார்ஜ் செய்வதைத் தவிர்க்க வேண்டும்.
* படுக்கையறைக் கதவை மூட வேண்டும். தனி அறை இல்லாத வீடுகளில் சமையலறைக் கதவையாவது மூடலாம்.
* வாசல் மற்றும் கிரில் கதவுச் சாவிகளை, இருட்டிலும் கைக்கு எட்டும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

ஸ்ரீ சிட்டி போன்ற தொழில் நகரங்களில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோருக்கும் இவை பொருந்தும். பல தொழிலாளர்கள் சேர்ந்து தங்கும் வாடகை வீடுகளில், ஒவ்வொருவருக்கும் சாவி இருக்கும் இடம் தெரிந்திருப்பது அவசியம்.

எரிவாயு நாற்றம் வந்தால்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டித் தேங்கும். அச்சமயம் மின் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறிய பின்னரே கைப்பேசியைப் பயன்படுத்த வேண்டும்.

உதவி எண்கள்: தீயணைப்புத் துறை 101, அவசர உதவி 112, எரிவாயுக் கசிவு 1906.