கணக்கேட்டில் ஏறாத ஆறு: தமிழகத்தில் சூழலியல் பொருளாதார நூல்களின் வரலாறு

திருத்தணிக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டை வரலாற்று மாணவர்கள் பெரும்பாலும் ஒரு செப்பேட்டுத் தொகுதியால்தான் அறிவார்கள். 1905-இல் வெளிப்பட்ட அந்த 31 ஏடுகள், முதலாம் இராசேந்திரன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் (1017–18) பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்கு வழங்கியதைச் சொல்கின்றன. சோழர் குலவரிசையை அறியவே அறிஞர்கள் அதன் வடமொழிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். தமிழ்ப் பகுதியோ நிலத்தையும் எல்லையையும் பேசுகிறது. சோழர் கொடைச் செப்பேடுகளில் நீர் பற்றிய நிபந்தனைகள் வழக்கமாக இடம்பெறும். வாய்க்கால் வெட்டும் உரிமை யாருக்கு உண்டு, பிறர் கிளைவாய்க்கால் பிரிக்கலாமா, ஏற்றமிட்டு இறைக்கலாமா என்பவற்றை அவை வரையறுக்கும். இவற்றைச் சூழலியல் சிந்தனை என்று கொண்டாடுவது மிகை. அவை கொடை பெற்றவரின் உரிமையைக் காத்தன. ஆற்றைக் காக்க எழுதப்படவில்லை. ஆயினும் நீரைப் பயன்படுத்துபவர் எழுத்து வடிவிலான ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் என்ற எண்ணத்தை அவற்றில் காணலாம்.

அதே பழையனூருக்கு இன்னொரு நினைவும் உண்டு. நீலி என்ற பேயைக் கண்டு அஞ்சிய வணிகன் ஒருவனின் உயிருக்கு அவ்வூர் வேளாளர் எழுபது பேர் பிணை நின்றனர். அவன் கொல்லப்பட்டதும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தனர். தொன்மமே ஆனாலும், தன் செயலால் பிறருக்கு நேரும் இழப்புக்குத் தானே பொறுப்பு என்ற கருத்து இவ்வட்டாரத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இது சான்று.

தொழில் செய்பவர் பிறர்மீது ஏற்றும் இழப்புக்கு யார் பொறுப்பு என்ற இந்தக் கேள்வி நவீன காலத்தில் நூல் வடிவம் பெற்றது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அதை எழுப்பிய முன்னோடி ஒரு தமிழர் என்பதும், அவர் ஒரு கணக்குத் தணிக்கையாளர் என்பதும் நம் சூழலியல் வரலாற்றில் போதிய அழுத்தம் பெறவில்லை.

ஜே.சி. குமரப்பா 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்காயர் தகுதி பெற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதியியலும் பயின்றார். பிரிட்டிஷ் இந்தியாவின் வரவு செலவு மக்களின் வறுமையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதே அவரது ஆய்வு. 1929-இல் காந்தியைச் சந்தித்தார். காந்தியின் தூண்டுதலால் குஜராத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களில் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தினார். ஏட்டில் பார்த்த கணக்கை வயலில் வைத்துச் சரிபார்த்த அனுபவம் அது. 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது.

1940-களில் ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய நூலே பின்னாளில் தமிழில் ‘தாய்மைப் பொருளாதாரம்’ என்ற பெயரில் அறியப்பட்டது. 1945-இல் காந்தி அதற்கு முன்னுரை தந்தார். அந்நூலில் குமரப்பா பொருளாதாரங்களை உயிரினங்களின் நடத்தையைக் கொண்டு வகைப்படுத்துகிறார். பிற உயிரைக் கொன்று வாழும் புலி ஒருபுறம். கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை மறுபுறம். இவ்வகைப்பாடு பலருக்கும் தெரியும். அதைவிட முக்கியம் என்று நான் கருதுவது அவர் வகுத்த மற்றொரு வேறுபாடு. நிலக்கரி, எண்ணெய், கனிமம் போல எடுக்க எடுக்கக் குறைபவற்றைத் தேங்கிய இருப்பு என்கிறார். மழை, மரம், பயிர் போல ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை ஓட்டத்தில் உள்ளவை. முன்னதை நம்பிய தொழில் போட்டியிலும் போரிலும் முடியும் என்பது அவர் முடிவு. இருப்பைக் கரைத்துவிட்டு அதை வருமானம் என்று எழுதுவதை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். குமரப்பா அந்தத் தொழில் ஒழுக்கத்தை நிலத்துக்கும் நீருக்கும் நீட்டினார்.

சர்க்கரை பற்றிய அவரது வாதமும் இந்த அடிப்படையில் எழுந்ததே. கரும்புக்குப் போகும் வளமான நிலத்தை உணவுப் பயிருக்கு விட்டுவிட்டு, தரிசிலும் வரப்பிலும் தானே வளரும் பனையிலிருந்தும் ஈச்சையிலிருந்தும் வெல்லம் எடுக்கலாம் என்றார். பனைவெல்லத் தொழிலை அவரது சங்கம் முனைந்து பரப்பியது. தம் கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார்.

அவர் எழுத்து மேற்கே சென்ற வழியும் குறிப்பிடத்தக்கது. பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பொருளாதார ஆலோசகராக இருந்த ஷூமாக்கர், தம் பௌத்தப் பொருளாதாரக் கட்டுரையில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். அக்கட்டுரை 1973-இல் வெளியான ‘சிறியதே அழகு’ நூலில் இடம்பெற்றது. இயற்கை எரிபொருளை மூலதனம் என்று உணராமல் வருமானமாகச் செலவிடுகிறோம் என்பது அந்நூலின் மையக் குற்றச்சாட்டு. குமரப்பாவின் இருப்பு–ஓட்டம் என்ற பிரிவை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

மேலைநாட்டு வணிகவியலில் பொறுப்பு பற்றிய நூல்கள் வேறொரு பாதையில் வளர்ந்தன. 1953-இல் ஹோவர்ட் போவன் தொழிலதிபரின் சமூகப் பொறுப்பை நூலாக எழுதினார். 1970-இல் மில்டன் ஃபிரீட்மன் லாபமீட்டுவதே நிறுவனத்தின் பொறுப்பு என்று மறுத்தார். லாபம், மக்கள், புவி என மூன்றையும் கணக்கில் காட்ட வேண்டும் என்ற கருத்தை 1990-களில் ஜான் எல்கிங்டன் முன்வைத்தார். அது வெறும் அறிக்கைச் சடங்காகிவிட்டதைக் கண்டு, 2018-இல் அவரே அக்கருத்தை மறுபரிசீலனைக்குத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது வரலாற்றில் முக்கியமான ஒப்புதல்.

இந்நூல்மரபு தமிழ் மண்ணைச் சட்டமாகத் தொட்ட நாள் 1996 ஆகஸ்ட் 28. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. 1987-இல் வந்த புருண்ட்லாண்ட் குழுவின் ‘நமது பொது எதிர்காலம்’ என்ற அறிக்கை நூலைத் தீர்ப்பு எடுத்தாண்டது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்றும் கூறியது. கிணறு கெட்ட உழவரின் இழப்பு, அதுவரை ஏறாத ஆலைக் கணக்கில் ஏறியது அப்போதுதான். நூல் ஒன்று பாலாற்று உழவருக்கு இவ்வளவு நேரடியாக உதவிய வேறொரு தருணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழிலோ இக்கேள்வியை முதலில் கையாண்டது புனைகதை. 1960-களின் இறுதியில் வாசகர் வட்டம் வெளியிட்ட சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, சர்க்கரை ஆலைக்காக ஒரு தோட்டம் எரிக்கப்படுவதைச் சொல்கிறது. தோட்டத்தோடு ஊரின் புளியும் போய்விடுகிறது. அந்த இழப்பு ஆலை முதலாளியின் கணக்கில் இல்லை.   பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். முருகவேளின் ‘முகிலினி’ பவானி ஆற்றையும் ஒரு விஸ்கோஸ் ஆலையையும் எதிரெதிரே நிறுத்தியது. நக்கீரனின் ‘காடோடி’ (2014) போர்னியோவில் மரவணிகம் செய்த அழிவைக் காட்டியது. மறுபக்கம் நெடுஞ்செழியன் தொடங்கிய பூவுலகின் நண்பர்கள் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ போன்ற மொழிபெயர்ப்புகளைத் தந்தனர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் எழுத்தும், 2007-இல் தொடங்கிய ‘பசுமை விகடன்’ இதழும் உழவரிடமே சென்றன.

ஆக, காடும் வயலும் தமிழில் நூலாகிவிட்டன. நிறுவனத்தின் கணக்கு மட்டும் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. லாபம் வந்த வழியை அது கேட்பதில்லை. குமரப்பா கேட்டது அதைத்தான். பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும் என்ற, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி அந்த வழியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அது பங்குச்சந்தை முதலீட்டாளரை நோக்கியது.

திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கூட்டுறவு என்பதால் செபியின் விதி அதற்குப் பொருந்தாது. ஆனால் இங்கே கரும்பு விவசாயியே உறுப்பினர். அதாவது ஆலையின் உடைமையில் பங்குள்ளவரும், அதைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் நம்பி வாழ்பவரும் ஒருவரே. வெட்டு உத்தரவும் டன்னுக்கான விலையும் நிலுவைத் தொகையும் அவருக்கு அத்துப்படி. கரும்புக்கு இறைத்த நிலத்தடி நீர், கொதிகலனில் எரிந்த சக்கை, வயலுக்குத் திரும்பிய பிரஸ்மட் என்னும் ஆலைக் கசடு, வெளியேறிய கழிவுநீர் ஆகியவற்றையும் ஆண்டுக் கணக்கில் ஒரு பக்கமாகச் சேர்க்க முடியும். திருவாலங்காட்டுப் பக்கமிருந்து வரும் கொசஸ்தலையாறு எண்ணூரை அடையும்போது அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமக்கிறது. அந்த நிலை மேல்படுகைக்கும் வராமலிருக்க, கணக்கு இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

தமிழகக் கூட்டுறவுத் துறையும் சர்க்கரைத் துறையும் இத்தகைய நீர்-மண் கணக்கைத் தமிழில் அச்சிட்டு, உறுப்பினர் பேரவையில் வைத்து, வட்டார நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். குமரப்பாவின் நூல்கள் மலிவுப் பதிப்பாக அதே நூலகங்களுக்கு வரவேண்டும்.