மிளகுக்குத் துப்பாக்கி: மாவேலிக்கரை உடன்படிக்கையும் ஒரு கொள்முதல் தகராறும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் பழைய அரசியலைப் பேசுவோர் பெரும்பாலும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரையும், இளவரசர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பலாவையும் நினைவுகூர்வர். அதே இளவரசர் துப்பாக்கி வாங்குபவராக ஐரோப்பிய வணிகர்களிடம் நடத்திய பேரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1721இல் ஆற்றிங்கலில் அஞ்சுதெங்குக் கோட்டையைச் சேர்ந்த ஆங்கிலேயர் பலர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து 1723இல் ஆங்கிலக் கும்பினியுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் திருவிதாங்கூரின் சார்பில் ஒப்பமிட்டவர் ‘நெய்யாற்றின்கரை இளவரசர்’. பின்னாளில் அரசரான மார்த்தாண்ட வர்மரே அவர் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. ஆயுதமும் கடல்வணிகமும் கையில் உள்ளவர்களோடு நட்புத் தேவை என்பதை அவர் பதினேழு வயதளவிலேயே உணர்ந்திருந்தார் எனலாம்.

1741இல் குளச்சலில் டச்சுப்படை தோற்றது. டிலனாய் உள்ளிட்ட ஐரோப்பியர் சிறைப்பட்டனர். 389 துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் கைப்பற்றப்பட்டதாகத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கணக்குத் தருகின்றன. ஆனால் வென்றெடுத்த துப்பாக்கிகளை வைத்து மட்டும் ஒரு படையை நெடுநாள் நடத்த இயலாது. வெடிமருந்து தீரும்; சக்கிமுக்கிக்கல் தேயும்; குழல் பழுதாகும். ஆகவே தொடர்ந்து ஆயுதம் வந்துசேரும் வழி தேவைப்பட்டது. உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் மேற்பார்வையில் அமைந்த வார்ப்படச்சாலை ஒரு வழி. அஞ்சுதெங்கு ஆங்கிலேயர் மற்றொரு வழி. மூன்றாவது வழி, தோற்ற டச்சுக்காரரே.

1753 ஆகஸ்டு 15 அன்று மாவேலிக்கரையில் கையொப்பமான உடன்படிக்கை, சாரத்தில், ஒரு கொள்முதல் ஒப்பந்தம். டச்சுக் கும்பினி ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்த்தளவாடங்களை வழங்க வேண்டும். அரசர் மிளகு தரவேண்டும்: அப்போது கைவசமிருந்த நாட்டின் மிளகுக்குக் கண்டிக்கு 65 ரூபாய், இனி வென்றெடுக்கப்போகும் நாடுகளின் மிளகுக்கு 55 ரூபாய். இன்னும் கைப்பற்றாத நிலத்தின் விளைச்சலுக்கு முன்கூட்டியே விலை குறிக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். அந்த நிலங்களை வெல்வதற்கான கருவியை விற்பவரும் அவற்றின் மிளகை வாங்குபவரும் ஒருவரே.

இதற்கு டச்சுக்காரர் கொடுத்த விலை பெரிது. மலபாரின் பிற அரசர்களுடன் தாம் செய்திருந்த பாதுகாப்பு உறுதிகளைக் கைவிட்டு, திருவிதாங்கூரின் போர்களில் தலையிடாதிருக்க அவர்கள் இசைந்தனர். 1663இல் கொச்சிக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய நாள்முதல் தம்மை நம்பியிருந்த கொச்சி அரசரையும் அவ்வாறே கைவிட்டனர்.

பிணக்கு விரைவிலேயே எழுந்தது. பேசிய அளவு மிளகு வந்துசேரவில்லை என்பது டச்சுக்காரரின் தீராத முறையீடு. விலை ஒப்பந்தத்தில் உறைந்து நின்றது. சந்தை விலையோ உயர்ந்தது. கூடுதலாகத் தர வேறு வணிகர் இருந்தனர். மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியிருந்த திருவிதாங்கூர், எவருக்கு எவ்வளவு என்பதைத் தானே தீர்மானித்தது. மிளகைக் கட்டாயப்படுத்தி வாங்கும் வலிமை குளச்சலுக்குப் பின் டச்சுக்காரரிடம் இல்லை; தளவாடத்தை நிறுத்தினாலோ வாடிக்கையாளர் ஆங்கிலேயரிடம் போய்விடுவார்.

இந்த வலிமையைப் படைபலத்தின் விளைவாக மட்டும் பார்ப்பது போதாது. விற்பவர் பலர் இருந்ததே வாங்குபவரின் பலம். 1795 அக்டோபரில் கொச்சி ஆங்கிலேயர் வசமானபோது அந்தப் போட்டி முடிந்தது. அதே ஆண்டில் திருவிதாங்கூர் ஆங்கிலக் கும்பினியுடன் நிரந்தர உடன்படிக்கைக்குள் வந்தது. 1805 உடன்படிக்கை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க் கப்பத்தை விதித்தது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி தோற்றபின் நாட்டின் படையே பெரும்பாலும் கலைக்கப்பட்டது. துப்பாக்கிக்கு விலை பேசிய அரசு, ஐம்பத்தாறு ஆண்டுகளில் தன்னிடம் எத்தனை துப்பாக்கிகள் இருக்கலாம் என்பதைக்கூடத் தானே முடிவுசெய்ய இயலாத நிலைக்கு வந்தது.

1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட எல்லை இந்த வரலாற்றையும் பிரித்தது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் மாவேலிக்கரையும் கேரளத்தில் நின்றன. குளச்சலும் உதயகிரியும் டிலனாயின் கல்லறையும் தமிழ்நாட்டின் பக்கம் வந்தன. குளச்சலை வீரக்கதையாகவும் மாவேலிக்கரையை வணிக ஆவணமாகவும் தனித்தனியே படித்தால், வென்றவர் தோற்றவரிடமே ஏன் வாடிக்கையாளராகச் சென்றார் என்ற கேள்வி எழவே எழாது. எல்லையின் இருபுறமும் ஆய்வு செய்வோர் சேர்ந்து எழுப்பவேண்டிய கேள்வி அது.