நிற்குமிடம் அறிந்த கதிர்

மேல்மலையனூர்ப் பக்கத்தார்க்குச் செஞ்சிக் கோட்டையின் முற்றுகை புதிய செய்தியன்று. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதனை வளைத்து நின்றது. மண்டையோடும் முதுகெலும்பும் நம் உடலின் அத்தகைய அரண்களே. ஆனால் அவற்றினுள் புற்றுக்கட்டி தோன்றினால், மருத்துவர் பகையை அழித்தால் மட்டும் போதாது. அதனை அடுத்துள்ள பார்வை நரம்பும் தண்டுவடமும் பிழைத்திருக்கவும் வேண்டும்.

எக்ஸ் கதிர் கட்டியைத் தாக்கிய பின்னும் நில்லாமல் மறுபுறம் ஊடுருவிச் செல்லும். அணுக்கருவின் துகளாகிய புரோட்டானோ வழியில் சிறிதளவே ஆற்றலைச் செலவிட்டு, ஓய்ந்து நிற்கும் தறுவாயில் பெரும்பகுதியைக் கொட்டிவிடும். துகள்களின் இவ்வியல்பை, ஆல்ஃபா கதிர்களை ஆராய்ந்த வில்லியம் பிராக், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1904-இல் கண்டார். மருத்துவத்துக்கு இது உதவும் என்று எழுதியவர் ராபர்ட் வில்சன், ஆண்டு 1946. அணுகுண்டு ஆக்கத்தில் பங்குகொண்ட அதே வில்சன்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1954-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின்மேல் புரோட்டான் கதிர் முதன்முதலாக நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. நம் அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததும் அவ்வாண்டே. 1961 முதல் ஹார்வர்டு சைக்ளோட்ரானில் இச்சிகிச்சை தொடர்ந்தது. மண்டையோட்டின் அடியில் தோன்றும் 'கார்டோமா' என்னும் பிடிவாதமான கட்டிக்கு அங்கேதான் நல்ல வழி பிறந்தது. அக்கட்டிக்கு மிகுதியான கதிர் வேண்டும். மூளைத்தண்டோ அதனைத் தாங்காது. ஆற்றலைக் கூட்டியும் குறைத்தும் கதிர் நிற்குமிடத்தைக் குறித்ததனால் இவ்விரண்டும் ஒருவாறு இணங்கின. 23 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் உடலில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழம்வரை செல்லும்.

எல்லாப் புற்றுக்கும் இது வேண்டுவதில்லை. பலவற்றுக்கு எக்ஸ் கதிரே போதும். ஆனால் மூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா கண்ட குழந்தைக்கு முதுகுத்தண்டு முழுவதும் கதிர் செலுத்த நேர்கையில், இதயத்தையும் குடலையும் தொடாமல் முதுகெலும்போடு நின்றுவிடும் கதிரின் அருமை விளங்கும். அக்குழந்தைக்கு இன்னும் வாழவேண்டிய ஆண்டுகள் பல அல்லவா?

தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை நிலையம் சென்னைத் தரமணியில், அப்பல்லோ மருத்துவமனையின் சார்பில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. மும்பையை அடுத்த கார்கரில், டாட்டா நினைவு மையம் 2023-இல் தொடங்கியது. இயந்திரத்தின் விலை பெரிது. சிகிச்சையின் செலவும் அவ்வாறே. பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரங்கள் கதிர் செலுத்துவார்கள். மேல்மலையனூரிலிருந்து செல்லும் குடும்பம் அந்நாளெல்லாம் சென்னையிலேயே தங்கியாக வேண்டும்.