4 மாதங்கள், 3 வாரங்கள், 2 நாட்கள்: ஒரு திரைப்படமும் ஆணை 770-இன் வரலாறும்

'4 மாதங்கள், 3 வாரங்கள், 2 நாட்கள்' 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ருமேனிய மொழித் திரைப்படம். இதை எழுதி இயக்கியவர் கிறிஸ்டியன் முன்ஜியு. 60-ஆவது கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் ருமேனிய முழுநீளப் படம் இதுவே. படத்தின் தலைப்பு ஒரு கருவின் வயதைக் குறிக்கிறது.

வரலாற்றுப் பின்னணி

ருமேனியாவில் 1957 முதல் கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. கருத்தடைச் சாதனங்கள் அரிதாக இருந்ததால் குடும்ப அளவைக் கட்டுப்படுத்த பெண்கள் பெரும்பாலும் இதையே நம்பியிருந்தனர். பிறப்பு விகிதம் சரிந்தது. 1965-இல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த நிக்கோலே சௌசெஸ்கு, மக்கள்தொகை பெருகினால்தான் நாடு வலிமை பெறும் என்று கருதினார். 1966 அக்டோபரில் ஆணை 770 நடைமுறைக்கு வந்தது. 45 வயதைக் கடந்தவர்கள், நான்கு குழந்தைகளை வளர்ப்பவர்கள், வன்புணர்வுக்கு ஆளானவர்கள், உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்ற அனைவருக்கும் கருக்கலைப்பு தடை செய்யப்பட்டது. 25 வயதைக் கடந்தும் குழந்தை இல்லாதவர்கள் கூடுதல் வரி கட்ட வேண்டியிருந்தது.

1966-இல் சுமார் 2,74,000 ஆக இருந்த பிறப்புகள் 1967-இல் சுமார் 5,28,000 ஆயின. இவ்வாறு பிறந்தவர்களை ருமேனியர்கள் 'ஆணையின் பிள்ளைகள்' என்ற பொருளில் அழைத்தனர். 1968-இல் பிறந்த முன்ஜியுவும் அத்தலைமுறையைச் சேர்ந்தவர்.

ஆனால் இந்த உயர்வு நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பெண்கள் மறைமுக வழிகளைத் தேடத் தொடங்கியதால் பிறப்பு விகிதம் மீண்டும் இறங்கியது. 1980-களில் அரசு பிடியை இறுக்கியது. பணியிடங்களில் பெண்களுக்கு மகப்பேறு பரிசோதனைகள் நடத்தப்பட்டன. மருத்துவமனைகள் கண்காணிக்கப்பட்டன. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணும் உதவியவரும் சிறை செல்ல நேரிடலாம் என்பதால், இரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள்கூட மருத்துவரிடம் போகத் தயங்கினர்.

கதை

படம் 1987-இல் ஒரே நாளில் நிகழ்கிறது. ஒட்டிலியாவும் கபிட்சாவும் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படிப்பவர்கள். கபிட்சா கருவுற்றிருக்கிறாள். தோழிக்காக ஒட்டிலியா கடன் வாங்குகிறாள், உணவகத்துடன் கூடிய தங்கும் விடுதியில் அறை எடுக்கிறாள், பெபே என்பவனை அழைத்து வருகிறாள். கபிட்சா கருவின் வயதைக் குறைத்துச் சொல்லியிருப்பது அங்கே வெளிப்படுகிறது. சட்டத்தின் முன் மூவருமே குற்றவாளிகள். இருந்தும் பேரம் பேசும் பலம் பெபேயிடம் மட்டுமே உள்ளது. பணம் போதாத நிலையில், அவன் இரு பெண்களிடமிருந்தும் பாலுறவை விலையாகப் பெறுகிறான். அவர்களால் யாரிடமும் முறையிட முடியாது. நடந்ததை இனிப் பேசுவதில்லை என்று இருவரும் முடிவு செய்வதோடு படம் முடிகிறது.

ஒட்டிலியாவாக அனமரியா மரின்காவும், கபிட்சாவாக லாரா வசிலியுவும், பெபேயாக விளாட் இவானோவும் நடித்துள்ளனர். தமக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவத்தை முன்ஜியு கதைக்கு அடிப்படையாகக் கொண்டார். பின்னணி இசை இல்லை. ஒளிப்பதிவாளர் ஒலெக் முட்டுவின் காட்சிகள் வெட்டின்றி நீள்கின்றன. கருக்கலைப்பு சரியா தவறா என்ற விவாதத்தைப் படம் எழுப்புவதில்லை. அடையாள அட்டையைக் கேட்கும் விடுதி ஊழியர், கள்ளச் சந்தையில் பணத்துக்கு நிகரான கென்ட் சிகரெட் போன்ற அன்றாட விவரங்களின் வழியே, அச்சம் எவ்வாறு வாழ்க்கையின் பகுதியாயிற்று என்பதைக் காட்டுகிறது.

தடையின் முடிவு

1989 டிசம்பர் 25 அன்று சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே புதிய அரசு இத்தடையை நீக்கியது. 1989-இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 160 தாய்மார்கள் இறந்தனர். அது அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த விகிதம். அவற்றில் பெரும்பாலானவை பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் நேர்ந்தவை. அடுத்த ஆண்டே இந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தடை இருந்த 23 ஆண்டுகளில் சுமார் 10,000 பெண்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பெற்றோரால் வளர்க்க இயலாமல் அரசு இல்லங்களில் விடப்பட்ட குழந்தைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

படம் வெளியானபோது ருமேனியாவின் பல ஊர்களில் திரையரங்குகளே இல்லை. எனவே முன்ஜியுவின் குழுவினர் நடமாடும் திரையுடன் ஊர் ஊராகச் சென்று படத்தைக் காட்டினர். வீடுகளுக்குள் நெடுங்காலம் பேசப்படாமல் இருந்த அனுபவத்தை ஒரு தலைமுறை முழுவதும் பொதுவெளியில் ஒன்றாக அமர்ந்து பார்க்க இப்படம் வழி செய்தது.