ஒரு வாக்கில் அமைந்த அதிபர் பதவி: 1876ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல்

அமெரிக்க அரசியல் கட்சிகளின் வரலாறு பெரும்பாலும் அதிபர்களின் வரிசையாகவே கற்பிக்கப்படுகிறது. ஜாக்சனின் ஜனநாயகக் கட்சி, லிங்கனின் குடியரசுக் கட்சி எனத் தலைவர்களைக் கொண்டு கட்சிகளை அடையாளம் காண்பது எளிது. ஆயினும், ஒரு கட்சி யாருக்குத் துணை நின்றது, எப்பொழுது அத்துணையை விலக்கிக்கொண்டது என்பதை அவ்வரிசை புலப்படுத்துவதில்லை. 1876ஆம் ஆண்டுத் தேர்தலைச் சான்றாகக் கொண்டு இதனை நாம் ஆராய்வோம்.

அடிமைமுறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்து 1854இல் தோன்றியது குடியரசுக் கட்சி. அக்கட்சி முன்னின்று கொணர்ந்த அரசியலமைப்புத் திருத்தங்களால் 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் கறுப்பின மக்களின் குடியுரிமை உறுதியாயிற்று. 1870இல், இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுப்பது தடைசெய்யப்பட்டது. தென்மாநிலங்களில் இவ்வுரிமைகளுக்குக் கூட்டரசுப் படைகள் காவலாக நின்றன.

1876 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன், குடியரசுக் கட்சியின் ரதர்போர்டு ஹேய்சைவிட ஏறத்தாழ 250,000 மக்கள் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால், அதிபரைத் தெரிவு செய்பவர்கள் மாநிலந்தோறும் அமையும் தேர்வாளர்களே ஆவர். வெற்றிக்கு 185 தேர்வாளர் வாக்குகள் தேவைப்பட்டன. டில்டனுக்கு 184, ஹேய்சுக்கு 165 கிடைத்தன. புளோரிடா, லூசியானா, தென் கரோலினா, ஓரிகன் ஆகியவற்றின் 20 வாக்குகள் சர்ச்சைக்குள்ளாயின. தென்மாநிலங்கள் மூன்றிலும் மோசடியும், கறுப்பின வாக்காளர் மீதான அச்சுறுத்தலும் தேர்தலைக் கறைப்படுத்தியிருந்தன. காங்கிரசு அமைத்த 15 பேர் ஆணையம் கட்சிவழிப் பிரிந்து, எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் 20 வாக்குகளையும் ஹேய்சுக்கே அளித்தது. 1877 மார்ச்சு 2ஆம் நாள் அவர் 185–184 என வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையே இரு கட்சியினரும் மறைவில் பேச்சு நடத்தினர். அதில் எந்த அளவுக்கு உடன்பாடு எட்டப்பட்டது என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுவர். விளைவோ தெளிவானது. 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசுமன்றங்களைக் காத்துநின்ற படைகள் விலக்கப்பட்டன. அங்கிருந்த குடியரசுக் கட்சி ஆட்சிகள் வீழ்ந்தன. கறுப்பினத்தாரின் உரிமைகளை மதிப்பதாகப் புதிய ஆட்சியினர் அளித்த உறுதிமொழி காக்கப்படவில்லை. 1890இல் மிசிசிப்பி மாநிலம் தன் அரசியலமைப்பிலேயே வாக்கு வரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் புகுத்தியது. பிற தென்மாநிலங்களும் அவ்வழியே சென்றன.

வாக்குரிமைச் சட்டம் 1965இல் இயற்றப்பட்டபோது அதில் கையொப்பமிட்டவர் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன். அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில், குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்திருந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்டுவாட்டர், தென் கரோலினா, லூசியானா உள்ளிட்ட ஐந்து ஆழ்தென்மாநிலங்களில் வென்றிருந்தார். பெயர்கள் நிலைத்திருக்க, கட்சிகள் இடம் மாறியிருந்தன.

அதிபர் பட்டியலில் கிராண்டை அடுத்து ஹேய்ஸ் இடம்பெறுகிறார். இருவரும் ஒரே கட்சியினர். பட்டியலை மட்டும் நோக்குவோர்க்கு 1877இல் எந்த மாற்றமும் தென்படாது. தென்மாநிலக் கறுப்பின மக்களுக்கோ, 88 ஆண்டுக்கால இழப்பு அவ்விரு பெயர்களுக்கு இடையே தொடங்குகிறது. கட்சி வரலாற்றைக் கற்பிக்கும்போது, வென்றவர் யார் என்பதோடு அவ்வெற்றியின் விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.